தவிட்டுக்கு வாங்கிய வாத்தியார்

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மலாய் சொல்லிக் கொடுத்த தமிழனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, நான் பார்த்தது மட்டுமல்ல, அவருக்குச் சோறும் ஆக்கிப் போட்டிருக்கிறேன். அவர் பெயர் பிச்சைமுத்து. என் வீட்டுக்காரர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தாள். அந்தப் பெயரால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வந்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஈப்போ டவுனை விட்டுச் சுண்ணாம்புக் குன்றுகள் பக்கமாகப் போனால் அந்தப் பள்ளிக்கூடம் வரும். வாசல் போர்டில் அனைத்துலகப் பள்ளி என்று இருக்கும். எங்கள் ஆட்கள் வாயில் அது 'வெள்ளக்காரன் ஸ்கூலு'. ஈயச் சுரங்கத்து இன்ஜினியர், ரப்பர் தோட்டத்துத் துரை, சிமெண்டு ஆலை மானேஜர், இவர்கள் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டோர் பார்த்தார், நான் சின்ன வகுப்புக்கு ஆயா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இரண்டு அறை குவாட்டர்ஸ். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்து வளர்ந்தார்கள்.

எழுபத்து மூன்றாம் வருடம் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி, இங்கே படித்தால் வாரத்தில் மூன்று பாடவேளை மலாய் மொழியும் ஒரு பாடவேளை இந்த நாட்டு மக்களின் பண்பாடும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் தலைமை ஆசிரியை மிஸஸ் ஹார்ட்லிக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பப் போகிற பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஆபீஸ் அறையில் ஒரு மணி நேரம் புலம்பினாள். பிறகு புதிதாக ஒரு வாத்தியாரை வைப்பானேன் என்று கணக்குப் போட்டு, இவரைக் கூப்பிட்டாள்.

"பிச்சை, நீ மலாய் நன்றாகப் பேசுவாய் அல்லவா?"

பேசத்தான் பேசுவார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் கிராமம், கம்பம் என்போம். சின்ன வயதில் பாதி நாள் அங்கேதான் கிடப்பாராம். பிறகு டவுன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரைக்கும் படித்து, மலாய்ப் பரீட்சையில் நல்ல மார்க்கோடு தேறியவர். மேடம் ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டு கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். ஸ்டோருக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து இவர் 'சிக்கு' ஆனார். மலாயில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அந்த வகுப்பை யாரும் ஒரு வகுப்பாகவே நினைக்கவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். பெற்றோர் வரும் நாள்தான் கொடுமை. மேடம் இவரை மலாய்ச் சட்டை போட்டு ஒரு தரம், வேட்டி கட்டி ஒரு தரம், சீனன் சட்டை போட்டு ஒரு தரம் மேடையில் நிற்கச் சொல்வாள். துரைமார் கைதட்டுவார்கள். திரைக்குப் பின்னால் அவசர அவசரமாகப் பித்தான் போட்டு விடுகிறவள் நான்.

"மாட்டேன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டால், "சொல்லலாம்லா. சொல்லிட்டு எங்க போறது?" என்பார். அவரிடம் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு அந்த நிறம்தான். எங்கள் அப்பா, தொழிற்சங்கத்து ஆள் சொன்னதைக் கேட்டு நேரத்தோடு எழுதிப் போட்டதால் எனக்கு நீலம். சிவப்பு ஐசிக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும், அந்த பெர்மிட்டில் பள்ளிக்கூடத்தின் பெயர்தான் எழுதியிருந்தது. வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் வேறு எவனும் வேலை தரமாட்டான், இருக்கிற இரண்டு அறையும் போகும். அது மேடத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நீல ஐசிக்கு எழுதிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஓட்டினார். ஏன் என்று எழுபத்தொன்பதாம் வருடம்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் மார்ச்சில் பள்ளி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார், என்சிக் ஜமாலுதீன். என்சிக் என்றால் மலாயில் ஐயா. கட்டாயப் பாடங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க வந்தவர், பண்பாட்டு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் எதிர் வராந்தாவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கை கழுவி விட்டுக்கொண்டிருந்தேன். இவர் புத்தகத்தில் இருந்தபடி பட்டம் விடுவது, பாத்திக் துணி என்று நடத்திக்கொண்டிருந்தார். நியூசிலாந்து இன்ஜினியர் மகள் சூசன் கையைத் தூக்கினாள்.

"சார், உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

இவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து செத்துப் போயின. நான்காவதாக நான் பிறந்ததும் என்னைத் துணியில் சுற்றிக் குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை விலைக்கு வாங்கினாள். அப்புறம் 'பாலுக்கு வழியில்லை, நீ வளர்த்துக் கொடு' என்று என் அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மூன்று பிள்ளையைக் கொண்டு போன எமன் நான்காவதைத் தேடி வந்தால், 'இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போனது, பிச்சையாக வந்தது' என்று சொல்ல வேண்டும். அதனால்தான் பிச்சைமுத்து" என்றார்.

தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வகுப்பில் மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப நீங்க யாரோட மகன்?" என்று சூசன் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்தான்" என்று சிரித்தார்.

என்சிக் ஜமாலுதீனுக்கும் பிடித்துவிட்டது. நோஞ்சான் பிள்ளைக்குப் பெயரை மாற்றி வைப்பது எங்கள் கம்பத்திலும் உண்டு சிக்கு என்று மலாயில் சொல்லிக்கொண்டே பதிவேட்டை நிரப்பினார். ஐசியைக் கேட்டு வாங்கினார். சிவப்பைப் பார்த்ததும் பேனா நின்றது.

வருகிற ஜனவரியிலிருந்து இந்த இரண்டு பாடத்தையும் இந்த நாட்டுக் குடிமகன்தான் நடத்த வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது என்றார். நல்ல மனுஷன், அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை. "டிசம்பருக்குள் நீல ஐசி எடுத்துவிடுங்கள் சிக்கு. இங்கே பிறந்தவர்தானே, பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் முடிந்தது. நான் ஒரு கடிதம் தருகிறேன்" என்று சொல்லி, அங்கேயே எழுதியும் கொடுத்தார். மேடம் வெளியே வந்து, டிசம்பருக்குள் நடக்காவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், குவாட்டர்ஸும் அவருக்குத்தான் என்றாள். ஸ்டோர் வேலையைத் திருப்பிக் கேட்கலாம் என்றால் அதில்தான் வேறு ஆள் இருக்கிறாரே.

அன்று சாயங்காலம்தான் இவர் தகரப் பெட்டியைத் திறந்து பிறப்புப் பத்திரத்தை என் முன்னால் வைத்தார். பெயர் பிச்சைமுத்து. தகப்பன் ராமையா, தாய் செல்லாயி.

"இது யாரோடது?" என்றேன்.

"என்னோடதுதான்."

"உங்க அப்பா மாயாண்டிலா? உங்க அம்மா மாரியம்மாலா?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தவிட்டுக்கு விற்பதெல்லாம் எங்கள் ஆட்களிடம் ஊரறிந்த வழக்கம்தான், ஒரு நாள் கூத்தோடு முடிந்துவிடும். என் மாமனார் மாயாண்டி அதோடு விடவில்லை. சப்பான்காரன் காலத்தில் வரிசையாக மூன்று பிள்ளையைப் புதைத்தவர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பிறப்புப் பதிய வந்தபோது, எமன் கிராணியின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, தவிடு கொடுத்து வாங்கிய செல்லாயியின் புருஷன் ராமையாவையே அனுப்பித் தன் பிள்ளை என்று எழுத வைத்துவிட்டார். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது பயம் கொஞ்சம் தெளிந்து, மாயாண்டி மகன் என்றே எழுத வைத்தார். ஆக, ஐசியில் ஒரு தகப்பன், பத்திரத்தில் இன்னொரு தகப்பன். எமனை ஏமாற்றிய காகிதம் இப்போது எங்களைப் பிடித்துக்கொண்டது.

பதிவு ஆபீசில் அப்படியேதான் சொன்னார்கள். இது வேறு ஏதோ பிச்சைமுத்துவின் பத்திரம் என்றார்கள். ராமையாவும் செல்லாயியும் எழுபதாம் வருடம் கப்பலேறி ஊருக்குப் போனவர்கள், போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. மாமனார் செத்து எட்டு வருடம். பெற்ற தாய் நேரில் வந்து, இவன் என் வயிற்றில் பிறந்தவன் என்று உறுதி சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும் என்று அங்கே இருந்த அதிகாரி அம்மா வழி சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன். இவர் சந்தோஷப்படவில்லை.

"பெரியம்மா சொல்லாது" என்றார்.

தன்னைப் பெற்ற தாயை அவர் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்தம்மாள் அப்படித்தான் பழக்கியிருந்தாள். அவள் இவரைக் கூப்பிடுவது 'செல்லாயி மவனே' என்று. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெற்றோராக ராமையாவும் செல்லாயியும்தான் நின்றார்கள், என் மாமியார் ஊர்க்காரியோடு ஊர்க்காரியாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். என் பிள்ளைகளைக்கூட என் பெயரைச் சொல்லி 'முத்தம்மா புள்ளைங்க' என்றுதான் சொல்வாள். எனக்கு அவள்மேல் வருடக்கணக்கில் எரிச்சல். நான் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன்.

சுங்கை சிப்புட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் ரோட்டில் மூன்று மைல் நடந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கை மட்டும் நிற்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை அத்தே. சொல்லிட்டுக் கைநாட்டு வச்சிட்டு வந்திடலாம்."

"ஒரு வார்த்தைதான் தாயி. அந்த வார்த்தையத்தானே அன்னைக்குத் தவிட்டுக்கு வித்தேன்."

"அது அந்தக் காலம். அவருக்கு முப்பத்து மூணு வயசாவுது."

அப்போதுதான் அவள் கீரையைக் கீழே வைத்தாள். ஆறு வயதில் இவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தாராம். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நாலு பேர் கேட்க, வாய் தவறி 'என் மவன்லா' என்று சொல்லிவிட்டாளாம். நாலாம் நாள் காய்ச்சல். இருபத்தொரு நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மருந்து கொடுக்கிற டிரெசர் கைவிரித்துவிட்டார். மாரியாத்தா கோயிலில் நாக்கில் சூடம் ஏற்றி, இனி சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் கண் திறந்ததாம். நாக்கை நீட்டிக் காட்டினாள். நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது.

எனக்கு இரக்கம் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "புள்ளய உசுரோட வச்சு என்ன அத்தே, நடுத்தெருவுல பட்டினி போடவா? டிசம்பருக்கு அப்புறம் எங்களுக்கு வீடு இல்ல, அவருக்கு வேல இல்ல. அதப் பாக்கவா வேண்டிக்கிட்டீங்க?"

"பட்டினின்னா இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குச் சோறு கெடைக்கும்" என்றாள். "செத்தா?"

நான் அழுதுவிட்டேன். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்றுதான் போயிருந்தேன். அவள் திரும்பக் கீரையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "வாரேன். எந்த ஆபீசுக்குக் கூப்புடுறீங்களோ அங்க வாரேன். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

நவம்பரில்தான் தேதி கிடைத்தது. மூன்று பேரும் ஆபீசில் போய் நின்றோம். மாமியார் வெளுத்த சேலையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். அவளுக்கு மலாய் புரியாது. அந்த வாரம் பார்த்து ஆபீசின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தெலுக் இந்தான் பக்கம் போயிருந்தார். அவர் வந்து வேறு தேதி கொடுத்தால் பிப்ரவரி ஆகும். அதிகாரி அம்மா இன்ஸ்பெக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கள்தான் மலாய் சிக்கு ஆயிற்றே. நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். சரியாகச் சொல்கிறீர்களா என்று உங்கள் மனைவி பார்த்துக்கொள்ளட்டும்" என்றாள். அவள் எங்களுக்கு உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தாள்.

முதலில் பெயர் கேட்டாள், மாமியார் சொன்னாள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டாள்.

"நாலு. மூணு போச்சு" என்றாள் மாமியார். இவர் அதை அப்படியே மலாயில் சொன்னார்.

அடுத்து அதிகாரி அம்மா பேனாவை இவர் பக்கம் நீட்டி, இங்கே நிற்கிற இவர் நீங்கள் பெற்ற மகனா என்று கேட்டாள். இவருக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை. 'நானா' என்று கேட்க முடியாமல், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்கிறவர்போலக் கேட்டார்.

"நிக்கிற இவரு நீங்க பெத்த புள்ளயான்னு கேக்குறாங்க, பெரியம்மா."

அவள் இவரை ஏறெடுத்துப் பார்த்தாள். அப்படி அவள் இவரைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அதிகாரி அம்மாவின் முகத்தைப் பார்த்து, கணீரென்று சொன்னாள்.

"இல்ல. இது செல்லாயி பெத்த புள்ள. என் புள்ள இல்ல."

இவர் அசையவில்லை. என்ன சொல்கிறார் என்று அதிகாரி அம்மா கேட்டாள். இன்னொரு தரம் கேட்டாள்.

"ஆமாம் என்கிறார்" என்றார் இவர் மலாயில். நல்ல சுத்தமான மலாய், வகுப்பில் பேசுகிற மலாய். "நாலாவதாகப் பிறந்தவன் நான்தான் என்கிறார். தான் பெற்ற மகன்தான் என்கிறார்."

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தாள். "பெத்துல்?" என்றாள். சரிதானா என்று கேட்கிறாள். என் பிள்ளைகள் நினைவு வந்தது. "பெத்துல்" என்றேன்.

மாமியார் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் சொன்னத சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஒரு வார்த்த கொறைக்காம?"

"கொறைக்காம சொல்லிட்டேன் பெரியம்மா."

மை தடவி, கட்டை விரலைப் பிடித்துக் கைநாட்டு வைத்தார்கள். முத்திரை குத்துகிற சத்தம் கேட்டதும் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது சர்க்கார் காகிதம்தானே? எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு" என்றாள். இவரால் அதை மறுக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் மாற்றாமல் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்று. நகல் எடுத்து, அதற்கும் முத்திரை குத்தி அவள் கையில் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக என் மாமியாரை நான் கண்டதில்லை. என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே பயமில்ல தாயி. அப்போ கிராணி புத்தகத்துல மட்டும்தான் இருந்துச்சு. இப்ப நானே சொல்லி, சர்க்காரே எழுதியாச்சு. எமன் எந்த ஆபீசுல போயிக் கேட்டாலும் முத்திரை இருக்கு. வேல போனாப் போவுது, புள்ள தப்பிச்சான்" என்றாள். அந்த 'புள்ள'யைச் சொல்லும்போதுகூட யாருடைய பிள்ளை என்று சொல்லவில்லை. எனக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

டிசம்பர் இருபத்தோராம் தேதி நீல ஐசி வந்தது. செல்லாயி மவனுக்கு எப்படியோ கார்டு கொடுத்துவிட்டார்கள், எல்லாம் மாரியாத்தா பார்த்துக்கொண்டாள் என்று மாமியார் கோழி அறுத்தாள். ஜனவரியில் இவர் பழையபடி வகுப்புக்குப் போனார், பெற்றோர் வரும் நாளில் பழையபடி மூன்று உடை மாற்றினார். இனி பெர்மிட் தேவையில்லை, வேறு வேலை பாருங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "போற எடத்துல திரும்பக் காகிதம் கேப்பாங்க முத்தம்மா. தோண்டுவாங்க. இங்கயே இருந்திடலாம்" என்றார். சிவப்பு ஐசி இருந்தபோது மேடத்துக்குப் பயந்தவர், நீல ஐசி வந்த பிறகு எல்லோருக்கும் பயந்தார். தவிட்டுக் கதையை அப்புறம் ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. பெயருக்கு அர்த்தம் கேட்கிற பிள்ளைகளிடம், அது ஒரு வகை முத்து என்று சொல்லிவிட்டுப் பட்டத்துக்குப் போய்விடுவார்.

மாமியார் அந்த நகலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாரியாத்தா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாள். அதில் இருப்பதோ மலாய். லயத்தில் வளர்கிற பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் மலாய் படிக்கிற காலம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாங்கள் போய் இறங்கும்போதெல்லாம் இவர் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ராத்திரி தலைவலி வந்தால்கூட என்னை எழுப்பி நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர் என்றுதான் அதுவரைக்கும் நான் நினைத்திருந்தேன்.

இப்படி ஐந்து வருடம் போனது. எண்பத்து நாலில் தோட்டம் கைமாறப் போகிறது, ரப்பரை அழித்து எண்ணெய்ப் பனை, அதாவது செம்பனை, நடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. லயத்தில் இருக்கிறவர்களுக்கு வீடு கேட்டு மனுப் போட, சங்கத்துச் செயலாளர் ஜெயபாலன் வீடு வீடாக வந்து இருக்கிற காகிதங்களை வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. இவர் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொன்னார், நான் முன்னால் பஸ்ஸில் போனேன். மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பை.

"செயபாலன் வாசிச்சுச் சொன்னான்" என்றாள்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அழுவாள் என்று நின்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"இது எழுதி எத்தன வருசம் ஆச்சு?"

"அஞ்சு வருசம் அத்தே."

"அஞ்சு வருசமா நான் பெத்த மவன்னே எழுதியிருக்கா?"

"ஆமா."

"அவனுக்குக் காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"சளி புடிச்சுது. ரெண்டு நாள்ல போயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தே."

அவள் மடியிலிருந்த காகிதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்ப நான் கூப்புட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடம் போவுறப்ப, கல்யாணம் கட்டுறப்ப... முப்பத்தெட்டு வருசம் தாயி." வருடக்கணக்காக அவளிடம் கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்ப கூப்புடுங்க அத்தே. இப்ப வருவாரு, வாய் நெறையக் கூப்புடுங்க."

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். தலைமயிரை ஒதுக்கிவிட்டாள், வாயைத் துடைத்துக்கொண்டாள். இவர் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தபடி வந்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். உதடு கூடியது, பிரிந்தது, திரும்பக் கூடியது.

"வா... செல்லாயி மவனே. சாப்புட்டியா?"

"சாப்புட்டேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, இவர் செருப்பைக் கழற்றிப் போட்டு, கால் கழுவக் குழாயடிக்குப் போனார்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தன் வாயில் தானே இரண்டு தரம் அடித்துக்கொண்டாள்.

"வர மாட்டேங்குது தாயி" என்றாள்.